கையால் பிசைந்த தயிர் சாதம்

ஜூன் 3, செவ்வாய்

சாப்பிடும்போது ஆஸ்பத்திரி அடுக்களைக் கதை பேசக்கூடாது என்று என் வீட்டுக்காரி உலகு இன்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "எங்கயாவது எழுதி வையுங்க. தோணுனா படிச்சிக்கிடுதேன்." படிக்கமாட்டாள், எனக்குத் தெரியும். இருந்தாலும் ரோஷம் வந்து, மாத்திரைக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரியைத் தேடி எடுத்தேன். இத்தனை மாதமும் மிக்சி ஆடாமல் இருக்க அதற்கு அண்டை கொடுத்து வைத்திருந்தேன். இப்போது மிக்சி ஆடுகிறது.

கோமதிநாயகம் ஆகிய நான் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தலைமைச் சமையல்காரன். அதற்கு முன்னால் கல்யாணச் சமையல். இட்லி யார் வேண்டுமானாலும் அவிக்கலாம். மதியம் வார்டுகளுக்குப் போகிற தயிர் சாதத்தை மட்டும் நான் யார் கையிலும் விட்டதில்லை. கரண்டி போட்டுக் கிண்டினால் அது பசையாகிவிடும், போஸ்டர் ஒட்டலாம். கையை விட்டு, பருக்கை உடையாமல், பால் ஊற்றி ஊற்றிப் பிசைய வேண்டும். பெரிய டாக்டரே ஒரு தடவை "அண்ணாச்சி, என்ன போடுதீங்க இதுல?" என்று கேட்டிருக்கிறார். கையைத் தூக்கிக் காட்டினேன்.

காலையிலிருந்து மூக்கில் தண்ணீராக ஒழுகியது. என் டப்பாவிலிருந்து சிவப்பு மஞ்சள் மாத்திரை ஒன்று போட்டேன். சாயங்காலம் சளி பறந்துவிட்டது. ஒரே மாத்திரைக்குக் கேட்கிற உடம்பு எனக்கு. ஐந்து நாள் போடச் சொல்வதெல்லாம் மருந்துக்கடைக்காரன் பிழைப்பதற்காக. மீதியைப் பத்திரப்படுத்திவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

சம்பந்தி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வேலை பார்ப்பது மஸ்கட்டில். ஆகவே மாமனாரைப் பார்த்துக்கொள்ள என் மகள் பகவதிதான் கூட வந்திருக்கிறாள்.

சம்பந்தி அணஞ்சபெருமாள் மின்சார வாரியத்தில் ஓய்வு பெற்றவர். சர்க்கரை உண்டு, வாயும் உண்டு. பகவதி கல்யாணத்துக்கு நானே நின்று சமைத்தேன். முதல் பந்தியில் உட்கார்ந்து, "இது பாயசமா, பாத்திரம் கழுவுன தண்ணியா?" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கக் கேட்டவர் இவர். பெண்ணின் அப்பன் என்ன பேச முடியும்? சிரித்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலை. ஊரே பார்க்க என்னை இப்படிப் பேசுகிற வாய், நாலு சுவருக்குள் என் மகளை என்ன பாடு படுத்தும்? பகவதியைக் கேட்டால் "நல்லா இருக்கேம்ப்பா" என்பாள். எந்தப் பெண்தான் அப்பனிடம் வேறு மாதிரி சொல்கிறாள்!

ஜூன் 6, வெள்ளி

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முட்டைக்கோஸ் பொரியலில் உப்புக் கூடிவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

சம்பந்தி சாப்பிட ஆரம்பித்துவிட்டார், அதாவது குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார். இட்லி கல். ரசம் வெந்நீர். சாம்பாரில் பருப்பைத் தேட டார்ச்லைட் வேண்டுமாம்.

மதியம் தயிர் சாதத்தை நானே கொண்டுபோனேன். மாதுளை முத்து, கொத்தமல்லி, துருவின காரட் எல்லாம் தூவி, கோவில் அலங்காரம் மாதிரி. தட்டைப் பார்த்தார். தட்டுக்குப் பின்னால் நின்ற பகவதியைப் பார்த்தார். ஒரு வாய் போட்டார். நான் மூச்சு விடவில்லை.

"ம். இது நல்லா இருக்கு" என்றார்.

வாழ்க்கையில் முதல் தடவை! படி இறங்கும்போது கால் தரையில் பாவவில்லை. சாயங்காலம் உலகுவிடம் சொன்னேன். "டைரியில எழுதுங்க" என்றாள்.

ஜூன் 9, திங்கள்

சம்பந்தி இன்று இரண்டு தட்டு. இரண்டாவது தட்டு அவர் கேட்கவில்லை, நானாக வைத்தேன். ஆனால் காலி செய்தார். இந்த மனிதர் வாயை அடைக்க வழி கண்டுபிடித்துவிட்டேன். இவர் மனம் குளிர்ந்தால் என் மகள் அந்த வீட்டில் குளிர்ச்சியாக இருப்பாள்.

காய் நறுக்குகிற முத்துப்பேச்சி, கை கழுவுகிற சோப்புத் திரவம் தண்ணீராக இருக்கிறது என்று மூக்கால் அழுகிறாள். இருக்காதா பின்னே? ஆளாளுக்குக் குழந்தை குளிப்பாட்டுவது போலக் கொட்டுகிறார்கள். பெரிய பாட்டிலைப் பூட்டி வைத்துக்கொண்டு, சின்ன பாட்டிலில் கால்வாசி ஊற்றி மீதிக்குத் தண்ணீர் கலப்பது நான்தான். அடுக்களையில் சிக்கனம் பார்க்க ஒரு ஆளாவது வேண்டும். நான் குழாய்த் தண்ணீரிலேயே கழுவிக்கொள்கிறேன். எனக்குச் சோப்பு வாசனை தயிருக்கு ஏறுவது பிடிக்காது.

ஜூன் 11, புதன்

ஆஸ்பத்திரி லேபின் கிருமி டாக்டர் எப்சிபா அடுக்களைக்கு வந்தார். சின்னப் பெண். வாய் சிரித்தாலும் கண் பாத்திரங்களையே சுற்றும். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் எடுத்துச் சின்னச் சின்னப் பாட்டிலில் போட்டார். தயிர் சாதத்தில் மட்டும் இரண்டு பாட்டில்! வீட்டுக்குக் கொண்டுபோக ஆசைப்படுகிறார், கேட்கக் கூச்சப்படுகிறார் என்று நினைத்து ஒன்றில் மாவடு ஒன்றை நசுக்கிப் போட்டுவிட்டேன்.

"ஐயோ அண்ணாச்சி! இது பரிசோதனைக்கு!" என்று அந்தப் பாட்டிலை ஒதுக்கிவிட்டு வேறு எடுத்தார். வார்டில் நாலைந்து பேருக்கு ஒரே மாதிரி நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வருகிறதாம். மருந்துக்கு மசியவில்லையாம். எல்லா இடத்திலும் பார்க்கிறார்களாம். பாருங்கள், தாராளமாகப் பாருங்கள் என்றேன்.

ஜூன் 12, வியாழன்

பஸ் ஸ்டாண்டு வடை வயிற்றைக் கலக்கிவிட்டது. மாத்திரை இரண்டு போட்டேன். நாளைக்கும் கலக்கலாம் என்று முன்னெச்சரிக்கையாக இன்னொன்று. நாளைக்குக் கலக்காவிட்டால் போடவேண்டாம்.

ஜூன் 14, சனி

டாக்டர் எப்சிபா என்னை லேபுக்குக் கூப்பிட்டு ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினார். வெங்காய ஊத்தப்பம் மாதிரி இருந்தது. தட்டு முழுக்கக் கிருமி. நடுநடுவே வெள்ளை வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. மருந்து வேலை செய்தால் அதைச் சுற்றிக் கிருமி செத்து வெறிச்சென்று இருக்கவேண்டுமாம். இதில் அநேகமாக எல்லா வட்டத்தையும் கிருமி ஒட்டி உரசிக்கொண்டு நிற்கிறது.

"சாம்பார் சுத்தம். பொரியல் சுத்தம். இது தயிர் சாதம், அண்ணாச்சி" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "என் தயிர் சாதத்துலயா?"

"கொதிக்கிறதுல கிருமி பிழைக்காது. கொதிச்சி இறக்குன பிறகு ஏதோ ஒண்ணு அதுல படுது. என்னன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் தயிர் சாதம் வேண்டாம்."

வரும் வழியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். கொத்தமல்லி! பச்சையாகப் போடுவது அதுதானே? மார்க்கெட்டில் சாக்கடைத் தண்ணீர் தெளிக்கிறான். அடுக்களைக்கு வந்து கொத்தமல்லி, காரட், மாதுளை மூன்றையும் ஒழித்தேன். முத்துப்பேச்சியின் மோதிரத்தைக் கழற்றச் சொன்னேன். "கல்யாணத்தன்னைக்குப் போட்டது, சோப்பிருந்தா வழுக்கிக் கழட்டலாம்" என்று முணுமுணுத்தாள். பால்காரனையும் ஒரு பிடி பிடித்தேன். சந்தேகப்பட இத்தனை பேர் இருக்கும்போது தயிர் சாதத்தைக் குற்றம் சொல்வானேன்?

ஜூன் 15, ஞாயிறு

வார்டுகளுக்குத் தயிர் சாதம் நிறுத்தம். சொன்னதைச் செய்கிறவன் நான். ஆனால் சம்பந்தியை எப்படி விடுவது? இப்போதுதான் மனிதர் ருசி கண்டிருக்கிறார். அவருக்கு மட்டும் சின்னப் பாத்திரத்தில் தனியாக, கொத்தமல்லி இல்லாமல், வேறு யார் கையும் படாமல், நானே பிசைந்து கொண்டுபோனேன்.

அவர் முகம் வாடியிருந்தது. நேற்று ராத்திரியிலிருந்து லேசாகக் காய்ச்சல் என்றாள் பகவதி. தட்டைக் கண்டதும் கண்ணை மூடித் திறந்தார். பிறகு சாப்பிட்டார். காய்ச்சலிலும் விடமுடியாத ருசி.

ஜூன் 16, திங்கள்

சம்பந்திக்குக் குளிர்காய்ச்சல். கட்டில் ஆடுகிறது. சிறுநீருக்கு மாட்டிய குழாய் வழியாகக் கிருமி ஏறியிருக்கிறதாம். ஊசி போட்டும் இறங்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

தனியாகச் செய்து கொடுத்தது டாக்டர் எப்சிபாவுக்குத் தெரிந்துவிட்டது. நானே சொன்னேன், கொத்தமல்லி இல்லாமல் செய்தேன் என்று பாராட்டை எதிர்பார்த்து. அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுக்களையில் எல்லோர் கையிலும் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்தார்கள். அதோடு விட்டார்களா? ஆளுக்கொரு மூடி போட்ட டப்பா. காலையில் அதில் கொண்டுவர வேண்டுமாம். ஒரு தலைமைச் சமையல்காரனிடம் கேட்கிற பொருளா அது? நான் முறைத்தேன். முத்துப்பேச்சி அவள்பாட்டுக்கு டப்பாவை வாங்கி மடியில் சொருகிக்கொண்டு, "எதுக்கு அண்ணாச்சி மொறைக்கிய? நம்மகிட்ட இல்லாத சாமானா கேட்டுட்டாவ?" என்றாள்.

ஜூன் 18, புதன்

சம்பந்தியைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றிவிட்டார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அத்தனை பெரிய உடம்பு போர்வைக்குள் காணாமல் போயிருந்தது. பேச்சே இல்லை. அவர் திட்டினால் தேவலை என்று எனக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

பகவதி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். தலை வாரவில்லை. நான் கொண்டுபோன இட்லியைத் தொடவில்லை. "மாமாவுக்கு ஒண்ணும் ஆவாதுல்லாப்பா?" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பாவம், பயந்திருக்கிறாள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள் இவள். ஏதாவது ஆனால் பழி இவள் தலையில் விழும் என்கிற பயமாக இருக்கும்.

எனக்கும் உடம்பு கதகதவென்று இருந்தது. மாத்திரை ஒன்று போட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

நான்தான்.

ஜூன் 21, சனி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

முத்துப்பேச்சி கை சுத்தம். மோதிரத்துக்கு அடியில்கூடச் சுத்தம், வீட்டிலிருந்து சோப்புக்கட்டி கொண்டுவந்து கழுவுகிறாளாம். மற்ற எல்லோரும் சுத்தம். என் கையில் இருந்தது. மூடி போட்டுக் கொடுத்த டப்பாவிலும் இருந்தது. என் கையில் உள்ளதும் தயிர் சாதத்தில் உள்ளதும் சம்பந்தியின் உடம்பில் உள்ளதும் ஒரே வகை, ஒரே குடும்பம்.

"எனக்கு ஒரு நோயும் இல்லையே டாக்டரம்மா" என்றேன்.

"உங்களை ஒண்ணும் செய்யாது. உங்க குடல்ல சும்மா குடியிருக்கு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாட்டா வெளிய வரும். குழாய் மாட்டியிருக்கிறவங்க, சர்க்கரைக்காரங்க, வயசானவங்க உடம்புக்குள்ள சோத்தோட போனாத்தான், குடல்லேர்ந்து மூத்திரக் குழாய்க்குத் தாவி அது வேலையைக் காட்டும்." பிறகு கேட்டார், "மாத்திரை அடிக்கடி போடுவீங்களா?"

மாத்திரை டப்பாவை எடுத்துப் பெருமையாகத்தான் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாக மேஜையில் எடுத்து வைத்தார். சிவப்பு மஞ்சள், நீலம், பாதியாக ஒடித்த வெள்ளை. முகம் மாறிக்கொண்டே போனது.

"அண்ணாச்சி, ஒரு மாத்திரை போட்டு நிறுத்துனா சாதுக்கிருமி எல்லாம் செத்துப் போயிரும். ரவுடி மட்டும் தப்பிச்சு நிப்பான். வயித்துல எடம் காலி, அவன் குடும்பம் பெருகும். அடுத்த மாசம் வேற மாத்திரை. அதையும் பழகிக்கிடுவான். வருஷக்கணக்கா நீங்க அவனுக்குத் தண்டால், கசரத்தெல்லாம் சொல்லிக் குடுத்திருக்கீங்க."

"இதைக் கொல்ல ஒரு மாத்திரை குடுங்களேன்" என்றேன்.

அவர் டப்பாவை மூடித் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். மாத்திரையால் இது போகாதாம், மாத்திரையை நிறுத்தினால் நாளடைவில் தானாகக் குறையலாமாம். அதுவரை நான் எந்தச் சாப்பாட்டையும் தொடக்கூடாது.

மேனேஜர் என்னை வேலையை விட்டே தூக்கவேண்டும் என்று குதித்தார். "இவரை அனுப்பிட்டு வேற ஒருத்தரைக் கொண்டுவந்தா அவர் குடல்ல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? சோப்பு பாட்டிலைப் பூட்டி வைக்காதீங்க, சோறு பிசையக் கையை விடாதீங்க, அது போதும்" என்றார் டாக்டர் எப்சிபா. நான் சோப்பு அலமாரிச் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தேன். இந்தக் கையால் எத்தனை பந்திக்குப் போட்டிருக்கிறேன்! கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. கழுவினேன். திரும்பவும் கழுவினேன்.

வார்டில் மற்றவர்களுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதாம். சம்பந்திக்குக் கடைசியாக மிச்சமிருக்கிற ஒரு ஊசியை ஆரம்பித்திருக்கிறார்கள். அதுவும் கேட்காவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

பகவதிக்கு முன்னால் போய் நிற்க முடியவில்லை. மாடிப்படி வரை போய்த் திரும்பிவிட்டேன். அவள் மாமனாரை அவள் அப்பனே சோற்றில் வைத்துக் கொன்றான் என்றால் அந்த வீட்டில் என் பிள்ளை எப்படிக் கால் வைப்பாள்? சாமி, என் கை விளங்காமல் போனாலும் பரவாயில்லை, அந்த மனிதர் எழுந்து உட்காரட்டும்.

ஜூன் 24, செவ்வாய்

காய்ச்சல் இறங்கிவிட்டது! காப்பியில் சர்க்கரை இல்லை என்று நர்ஸைத் திட்டினாராம். அடுக்களையிலேயே உட்கார்ந்து அழுதேன். முத்துப்பேச்சி வெங்காயக் கூடையை என் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டுப் போனாள், யாராவது கேட்டால் காரணம் சொல்லலாம் என்று.

ஜூன் 27, வெள்ளி

சம்பந்தியை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மதியம் பகவதி குளிக்கப் போன நேரம் பார்த்துப் போனேன். கரண்டியால் கிண்டிய தயிர் சாதம் தட்டில் முக்கால்வாசி மீந்திருந்தது. கட்டிலுக்குத் தள்ளியே நின்றேன்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"உக்காரும் சம்பந்தி."

"நிக்கேன். உங்க காய்ச்சலுக்குக் காரணம்..."

"தயிர் சாதம். டாக்டரம்மா சொல்லிட்டாவ. யார் பேரும் சொல்லல. ஆனா அதுல கை விடுதது யாருன்னு எனக்குத் தெரியாதாக்கும்?" ஓட்டைத் துருத்தி மாதிரி மூச்சு வாங்கினார். "பகவதிகிட்ட சொல்லியாச்சா?"

"இல்ல."

"சொல்ல வேண்டாம். வீட்டுக்குப் போயி, நான் நல்லா நடமாடுத பொறவு நீரே சொல்லும். இப்பச் சொன்னா பிள்ள ஒடஞ்சு போவா."

ஏதாவது பேசவேண்டுமே என்று, "உங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருந்துதேன்னுதான் ரெண்டு ரெண்டு தட்டா வச்சேன். என் புத்தி அப்படி" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கதவைப் பார்த்தார். பகவதி வரவில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

"புடிக்கவா? வே, அது ஒரே புளிப்பு."

"என்னது?"

"மொத வாயிலயே பல்லு கூசிட்டு. மாதுளங்காய வேற போட்டு, சோத்துல கல்லு கெடந்தாப்புல. துப்பத்தான் போனேன். பின்னால அந்தப் பிள்ள நிக்கா, ரெண்டு கையையும் இப்படிக் கும்புட்டுக்கிட்டு. கல்யாணத்துல நான் ஒரு வார்த்தை விட்டதுக்கு, மறுவீட்டுக்கு வந்த அன்னைக்கு அவ ஒரு மூலையில உக்காந்து அழுதா. அதைப் பாத்தவன் நான். அவ கண்ணு கலங்கி இன்னொரு வாட்டி என்னால பாக்க முடியாது வே. அதான் முழுங்குனேன். நீரு பாட்டுக்கு ரெண்டாவது தட்ட வைக்கீரு!"

அவர் அந்தத் தட்டை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"பசை மாதிரி இருந்தாலும் இது தேவல. புளிக்கல. கொண்டுபோரும்."

ஜூன் 28, சனி

காலையில் உலகுவிடம் கேட்டேன், "நம்ம தயிர் சாதம் புளிக்குமா?" அவள் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி எழுந்து போனாள். போய்ப் பார்த்தேன். அடுப்பே பற்றவைக்கவில்லை.

என் தொழிலுக்கு இதைவிடக் கேவலம் கிடையாது. தனியாக உட்கார்ந்து யோசித்தால் கோபம் வரத்தான் வேண்டும், ஆனால் வரமாட்டேன் என்கிறது. உப்புக் கொஞ்சம் குறைந்தால் தட்டைத் தள்ளுகிற மனிதர் அவர். என் மகள் முகம் வாடக்கூடாது என்று, காய்ச்சலோடுகூட நான் வைத்ததை எல்லாம் தின்றிருக்கிறார். இரண்டு வருஷமாக நான் எதற்குப் பயந்தேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மதியம் பகவதி போன் செய்தாள். மாமா கட்டிலில் உட்கார்ந்து முடி வெட்ட ஆள் கேட்கிறார் என்றாள். "நீ எப்படி இருக்கே?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கேம்ப்பா" என்றாள்.

நான் நம்பினேன்.